ஐந்தாம் துண்டில் இல்லாத பக்கங்கள்

மன்னார் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடையின் மேல்மாடி. ஜன்னலால் உப்புக் காற்று வருகிறது. மேசையில் ஐந்து தேநீரும் ஒரு தட்டு வடையும் இருக்கின்றன. நான் எழுந்து நின்று பேசிக்கொண்டிருக்கிறேன்.

உட்கார்ந்து பேசச் சொன்னால் எனக்கு வராது. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்த காலமெல்லாம் கதிரையில் இருந்தபடியே நித்திரை கொண்டு பழகியவன் நான். இருந்தால் உடம்பு அந்த வேலைக்கு ஆயத்தமாகிவிடும்.

“இந்த நாவலின் சிறப்பே அது முடியாமல் முடிவதுதான்,” என்று மேடைத் தமிழில் முழங்குகிறேன். “திரேசா கரையில் நிற்கிறாள். அலை வருகிறது, போகிறது. ஆசிரியர் பேனையை மூடிவிட்டார். மிச்சக் கதையை எங்களிடம் ஒப்படைத்துவிட்டார். எத்தனை பெரிய துணிச்சல்.”

ஹனீபா நானா சீனி போடாத தேநீரைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். பிலோமினா ரீச்சர் ஜன்னலுக்கு வெளியே பஸ் நிலையத்தில் நின்ற கழுதைகளை முதல் தடவை காண்பவர் போலப் பார்த்தார். அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

என்னுடைய பேச்சில் மூன்று பேரும் உருகிவிட்டார்கள் என்று நினைத்தேன். இந்தத் தொடரை ஒழுங்காக வாசிப்பவர்களுக்கு என் புத்தி எவ்வளவு கூர்மை என்று தெரியும்.

செல்வராணி மட்டும்தான் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை சொல்றது சரியாயிருக்கலாம். ஆனா எனக்கு மனம் ஆறேல்ல,” என்றார். “இவ்வளவு பக்கம் எழுதின மனிசன் இன்னும் ரெண்டு பக்கம் எழுதியிருந்தா கை முறிஞ்சே போயிருக்கும்?”

நல்ல பகிடி. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காவிட்டால் அதில் அதிசயம் இல்லை. செல்வராணியின் பகிடிக்குச் சிரிக்காதபோதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

ஒரு புத்தகம், ஐந்து பேர்

போன கிழமை என் பொய்ப்பல் கிணற்றுக்குள் விழுந்த கதையை எழுதியிருந்தேன். அதை வாசித்த ஒருவர், “இப்போது என்ன வாசிக்கிறீர்கள் என்று எழுதக்கூடாதா? பல்லைப் பற்றி யாருக்கு அக்கறை?” என்று கேட்டிருந்தார். அவருக்காக இதை எழுதுகிறேன். கேட்டதற்குப் பிறகு கவலைப்படுவார்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஐந்து பேர். வட்ஸ்அப்பில் அதன் பெயர் ‘இப்ப என்ன வாசிக்கிறீங்கள்’. மாதக் கடைசிச் சனிக்கிழமையில் நேரில் சந்திப்போம். ஐந்து பேருக்கும் சேர்த்து வாங்குவது ஒரே ஒரு புத்தகம்தான். கடதாசி விக்கிற விலையில் ஆளுக்கொன்று வாங்குவதென்றால் வாசிக்கிற நேரத்தில் பட்டினி கிடக்கவேண்டும்.

அந்த ஒரு புத்தகத்தை வாங்கி வந்த அன்றே பிளேட்டால் ஐந்து துண்டாக வெட்டிவிடுவோம்.

முகம் சுளிக்க வேண்டாம். இது எங்கள் பக்கத்துப் பழக்கம். இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் நாவல் ஒன்று கிடைத்தால் அதற்கு ஒரு கூட்டமே வரிசையில் நிற்கும். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் அவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாசிக்கிறவருக்கு அது ஒரு வதை. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் புத்தகத்தைப் பிரித்துப் பகுதி பகுதியாகக் கொடுத்தான். அன்றைக்கு நான் வாசித்தது ஒரு நாவலின் நடுப்பகுதி மட்டும்தான். தொடக்கமும் முடிவும் வேறு வேறு முகாம்களுக்குப் போய்விட்டன. அந்தக் கதாநாயகன் யார், என்ன ஆனான் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் அவனுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

இப்போது நாங்கள் அதையே ஒழுங்காகச் செய்கிறோம். வெட்டிய துண்டுகளை ரீச்சர் வலைநூலால் தைப்பார். அவரது கணவர் பேசாலையில் தோணி வைத்திருப்பவர். பழைய கலண்டர் மட்டைகளால் அட்டை போடுவோம். கலண்டரில் எந்தப் படம் இருக்கிறதோ அதுவே அந்தத் துண்டின் பெயர்.

மக்காவில் நிற்கும் ரீச்சர்

இந்தப் புத்தகத்தின் முதல் துண்டு மாதா. இரண்டாவது முருகன். மூன்றாவது மக்கா. நாலாவது லட்சுமி. ஐந்தாவதுக்குக் கடவுள்கள் முடிந்துபோனதால் ஒரு சிமெந்துக் கடைக் கலண்டரைப் போட்டோம்.

வெளியாள் யாராவது எங்கள் குழுவை எட்டிப்பார்த்தால் தலைசுற்றும்.

“இப்ப என்ன வாசிக்கிறீங்கள்?” என்று அதிபர் கேட்பார்.

“முருகன் முடிஞ்சுது. நாளையிலயிருந்து மக்கா,” என்று பதில் போடுவார், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற பிலோமினா ரீச்சர்.

“நான் மாதாவை விட்டு எழும்பேலாம இருக்கன்,” என்று எழுதுவார் மறிச்சுக்கட்டியில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹனீபா நானா.

மக்காத் துண்டை யாரும் கீழே வைக்கக்கூடாது என்பது நானாவின் கட்டளை. மாதாத் துண்டின் மேல் தேநீர்க் கோப்பை வைக்கக்கூடாது என்பது ரீச்சரின் கட்டளை. சிமெந்தின் மேல் என்னவும் வைக்கலாம்.

துண்டுகள் ஒரு வரிசையில் போகும். முதலில் வாசிப்பவர் உயிலங்குளத்தில் இருக்கும் அதிபர். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கனகாலம், ஆனால் ஊர் இன்னும் அவரை அதிபர் என்றுதான் கூப்பிடும். பிறகு ரீச்சர், அதற்குப் பிறகு ஹனீபா நானா, நாலாவது பெரியமடுவில் இருக்கும் செல்வராணி. கடைசி ஆள் நான்.

நான் ஏன் கடைசி என்று கேட்கக்கூடாது. சரி, கேளுங்கள். முதல் புத்தகத்துக்கு நான்தான் இரண்டாம் ஆள். அதன் கொலைகாரன் யார் என்று மீன் சந்தையில் ரீச்சரிடம் சொல்லிவிட்டேன். பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தவரும் கேட்டுவிட்டார். அன்றைக்கே என்னை வரிசையின் வாலுக்கு அனுப்பினார்கள். எனக்குப் பின்னால் யாரும் இல்லாதபடியால் நான் யாருக்கும் கதையைக் கெடுக்க முடியாது.

எங்கள் ஒரே சட்டம் இதுதான்: முன்னுக்குப் போனவர் பின்னுக்கு வருகிறவருக்கு வாய் திறக்கக்கூடாது.

ஒரு தடவை மட்டும் அந்தச் சட்டத்துக்கு விலக்குக் கொடுத்தோம். பஸ் நிலையத்தில் துண்டு ஒன்றை ஆட்கள் இருக்கிற வாங்கின்மேல் வைத்துவிட்டு ஹனீபா நானா வெற்றிலை வாங்கப் போன நேரம் ஒரு கழுதை அதைத் தின்றுவிட்டது. மன்னார்க் கழுதைக்கு எழுத்து என்றால் விருப்பம். தேர்தல் சுவரொட்டி தொடக்கம் கலியாண அழைப்பிதழ் வரைக்கும் ஒன்றையும் விடாது. அந்தத் துண்டின் கதையை நானா எங்களுக்கு வாயால் சொன்னார். அவர் சொன்னதில் கதாநாயகி இரும்புக் கடைக்கு அடிக்கடி போனாள். அது நாவலில் இருந்ததா என்பது கழுதைக்குத்தான் தெரியும்.

திரேசாவும் செல்வராணியும்

இந்த நாவலின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் எழுதியவர் சண்டைக்கு வருவார். கதையைச் சொல்கிறேன்.

கடற்கரை ஊர் ஒன்றில் திரேசா என்று ஒரு பெண். கணவன் ஒருநாள் தொழிலுக்குப் போனான், திரும்பி வரவில்லை. தோணியும் வரவில்லை, உடலும் வரவில்லை. காத்திருப்பதா, விடுவதா என்பதுதான் அத்தனை பக்கமும்.

செல்வராணியைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பெரியமடுக் கூட்டுறவுக் கடையில் வேலை. தாய் தகப்பன் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் கணவர் கையில் ஒரு பையுடன் போனவர்தான். இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

செல்வராணி பொட்டு வைத்தால், “இன்னும் என்னத்துக்குப் பொட்டு” என்று ஒரு கூட்டம். வைக்காமல் கடைக்குப் போனால், “அதுக்குள்ள முடிவெடுத்திட்டாவோ” என்று இன்னொரு கூட்டம். ஒரு நெற்றியில் இத்தனை பேருக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்குவதில்லை. என் நெற்றி தலையின் பாதிவரை போகிறது, ஒருவரும் அக்கறைப்படுவதில்லை.

இந்த நாவலைத் தெரிவு செய்தவர் அதிபர். கதை இதைப்பற்றி என்று வாங்கும்போது அவருக்குத் தெரியாது. அட்டையில் ஒரு தோணி மட்டும்தான் இருந்தது.

மாதாத் துண்டு கைக்கு வந்த நாளிலிருந்து செல்வராணி குழுவில் குரல் பதிவு போடத் தொடங்கினார். அதற்கு முன் ஒரு வரிக்கு மேல் எழுதாதவர். கடை பூட்டியதும் வீட்டுக்கு நடந்துகொண்டே பேசுவார். பின்னால் சைக்கிள் மணியும் மாட்டுக் கழுத்து மணியும் கேட்கும்.

“திரேசா புருசன் குடுத்த அந்தத் தோட்டை வித்துப்போடுவாள், பாருங்கோ.”

“இல்லை. விக்கமாட்டாள். வித்தா ஊர் என்ன சொல்லும் எண்டு பயப்பிடுறாள். ஊருக்குப் பயப்பிடுறவள் இல்லையெண்டு முன்னுக்கு எழுதிப்போட்டு இப்ப ஏன் இப்பிடி எழுதுறார்?”

“எனக்கு அவளில கோவம் வருது. ஆனா அவளின்ர இடத்தில நிண்டா நானும் அதைத்தான் செய்வன்.”

ஒவ்வொரு துண்டு முடியவும் திரேசா அடுத்ததாக என்ன செய்வாள் என்று ஒரு முடிவு சொல்வார். சில நேரம் ஒரே நாளில் இரண்டு முடிவு. முன்னால் போய்விட்ட மூன்று பேரும், “வாசிச்சுப் பாருங்கோ” என்று பதில் போட்டு ஒரு சிரிப்பு முகத்தையும் ஒட்டிவிடுவார்கள். நான் பின்னால் நின்றதால் எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் கட்டைவிரலை மட்டும் உயர்த்துவேன்.

திரேசா கடைசியில் என்ன முடிவெடுத்தாள் என்று அறிய அந்த மனிசி எவ்வளவு தவித்தார் என்று குழுவில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. எல்லோருக்கும் காது இருந்தது.

பிறகு சிமெந்துத் துண்டு வந்தது. திரேசா கரையில் நின்றாள். அலை வந்தது, போனது. மட்டை.

முகநூலில் ஒரு கொழுவல்

மேல்மாடிப் பேச்சோடு நான் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பேசியதை இன்னும் கொஞ்சம் ஊதி முகநூலில் ஒரு கட்டுரையாகப் போட்டேன். ‘முடிவற்ற முடிவு’ என்று தலைப்பு. தெரியாதவர்கள்கூட வந்து கைதட்டினார்கள். மனைவி கறிக்கு உப்பு இல்லை, வாங்கிவரச் சொல்லிக் கூப்பிட்டார். எழுத்தாளர்களை இப்படிக் கூப்பிடக்கூடாது என்று சொன்னேன். உப்பில்லாமலே சாப்பிட்டேன்.

அப்போது கனடாவிலிருந்து ஒரு தம்பி எழுதினார்: “ஐயா, நல்ல கட்டுரை. ஆனால் கடைசி அத்தியாயத்தில் திரேசா கணவனின் சட்டையைப் புதைக்கிறாளே, அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?”

நான் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? புத்தியுள்ளவன் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருப்பான். நான் எழுதினேன்: “தம்பி, நீங்கள் வாசித்தது உங்கள் மனம் எழுதிய அத்தியாயம். அதுதான் இந்த நாவலின் வெற்றி.”

தம்பி மறுமொழி எழுதவில்லை. பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டார். தலைப்போடு அந்த அத்தியாயம் தொடங்கும் பக்கம். அதன் கீழே சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழத் தொடங்கின. எங்கள் குழுவில் முகநூல் பார்ப்பவன் நான் ஒருவன்தான் என்பது ஒன்றே ஆறுதல்.

முதலில் பதிப்பகத்தைத் திட்டினேன். பிறகு அச்சகத்தை. பிறகுதான் சிமெந்துத் துண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தைத்த ஓரத்தில், நூலுக்கு மிக அருகில், மெல்லிய வெட்டுக் கோடு. ஈயின் கால் மாதிரி மெலிதாக, நேர்த்தியாக நறுக்கியிருந்தார்கள்.

ஹனீபா நானாவின் விளக்கம்

எனக்கு முன்னம் அந்தத் துண்டு செல்வராணியிடம் இருந்தது. அவருக்கு முன்னம் ஹனீபா நானாவிடம். நானாவுக்குப் போன் எடுத்தேன்.

“நானா, சிமெந்துத் துண்டில கொஞ்சப் பக்கம் குறையுது.”

மறுபக்கம் யாரோ கடையில் தகரம் வெட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“கழுதை...” என்று தொடங்கினார்.

“கழுதை பிளேட் வைச்சு வெட்டாது நானா.”

“அல்லாவே,” என்று ஒரு பெருமூச்சு. “நான் வெட்டினதுதான். அதிபர் சேர் போன் எடுத்துச் சொன்னவர், வெட்டின பக்கமும் அவரிட்டத்தான் இருக்கு. ரீச்சரும் ஓம் எண்டா. கடைசில அவள் புருசன் இல்லையெண்டு முடிவெடுத்து, பூசை குடுத்து, சட்டையைப் புதைச்சுப்போட்டுப் போறாள். அந்தப் புள்ள இதை வாசிச்சா மனசு உடைஞ்சிரும் எண்டுதான். நல்லதுக்குத்தானே அண்ணே.”

“சரி, அவவுக்கு மனம் உடையும். எனக்கு என்ன உடையும்? எனக்கேன் தரேல்ல?”

“உங்களுக்குத் தந்தா அண்டைக்குப் பின்னேரமே செய்தி பெரியமடுவுக்குப் போயிருமே.”

வேறு பக்கத்தால் தாக்கினேன்.

“நான் எழும்பி நிண்டு அவ்வளவு நேரம் பேசினனே. மூண்டு பேரும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்?”

“நல்லாத்தான் பேசினீங்க. ரீச்சர் கூடச் சொன்னா, இப்பிடி ஒரு விளக்கம் கிடைக்குமெண்டு தெரிஞ்சா எல்லாப் புத்தகத்தையும் வெட்டியிருக்கலாமெண்டு.”

போனை வைத்தபோது எனக்குக் கொதித்தது. என்னை முட்டாளாக்கியது பெரிதில்லை. அந்த வேலையில் எனக்குப் பிறர் உதவி தேவைப்பட்டதில்லை. ஆனால் கொஞ்ச நேரம் போக, வேறொன்று வந்து நெஞ்சில் குந்திக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒரு பக்கத்தைக் கிழித்தால் முழங்காலில் நிறுத்திய அதிபர். பைபிளில் ஒரு வரியைக்கூட விட்டு வாசிக்காத ரீச்சர். ஆணி நிறுக்கும்போது ஒரு ஆணி குறைந்தாலும் திரும்பக் கூப்பிட்டுத் தருகிற நானா. மூன்று நல்ல மனிதர்கள். மூன்று பேரும் சேர்ந்து போனில் கூட்டம் வைத்து, ஒரு வளர்ந்த மனிசி எதை வாசிக்கலாம் என்று தீர்மானித்திருக்கிறார்கள். நாலாவதாக அந்த மனிசியையும் அந்தப் போனில் எடுத்துக் கேட்டிருக்கலாம். “தங்கச்சி, கடைசி அத்தியாயம் இப்பிடி. வாசிக்கிறியளோ, விடுறியளோ?” இவ்வளவுதான் கேள்வி. இதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

என்னைப் பாதுகாப்பதற்காக யாராவது என் தேநீரில் சீனியை ஒளித்தால் நான் சண்டைக்குப் போவேன். எனக்கு நீரிழிவு இருந்தும் போவேன். சீனியைப் போட்டுக்கொள்வதும் விடுவதும் என் கரண்டி. பெண் என்றால், அதுவும் கணவன் இல்லாத பெண் என்றால், அதுவும் பெரியமடுவிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் என்றால், கரண்டியை வாங்கி வைத்துக்கொள்ள எத்தனை கைகள் நீளுகின்றன. அந்தக் கைகளுக்கெல்லாம் இரக்கம் என்று பெயர்.

செய்தி பெரியமடுவுக்குப் போகிறது

ஹனீபா நானாவின் கணிப்பைப் பொய்யாக்க எனக்கு விருப்பம் இல்லை. அன்றைக்குப் பின்னேரமே செல்வராணிக்குப் போன் எடுத்தேன். நடந்ததைச் சொன்னேன். அத்தியாயத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முடிவை வாய்க்குள் வைத்திருந்தேன். பல் இல்லாத வாயில் அது இலேசான வேலையில்லை.



“மூண்டு பேரும் வாசிச்சவையோ அண்ணை?”

“ஓம்.”

“நான் ஒவ்வொரு நாளும் வொய்ஸ் போடேக்கை அவைக்கு முடிவு தெரியும்.”

“தெரியும்.”

“கேட்டுப்போட்டுச் சிரிப்பு முகம் போட்டவை.”

நான் போட்ட கட்டைவிரல்களை நினைத்துக்கொண்டேன்.

“நாளைக்குக் காலமை பஸ்ஸில உயிலங்குளம் வாறன்,” என்றார். “நீங்களும் வாங்கோ. நான் தனியப் போய்வந்தா, அழுதுபோட்டன் எண்டு கதை வரும். பாத்த ஆள் ஒண்டு வேணும்.”

உயிலங்குளம்

மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடக்கும்போது எதிர்காற்று என்னை மன்னார்த் தீவுக்கே திருப்பி அனுப்பப் பார்த்தது. சந்தியில் செல்வராணி பஸ்ஸால் இறங்கி நின்றார். கையில் குடை, தோளில் பை, நெற்றியில் பொட்டு. இரண்டு பக்கமும் வயல் பச்சையாகக் கிடந்தது. அதிபர் வீடுவரை நடந்தோம்.

அதிபர் விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரின் மனைவி கோயிலுக்குப் போயிருந்தார். எங்கள் இருவரையும் சேர்த்துக் கண்டதும் பேப்பரை மடித்தார்.

“வாங்கோ, வாங்கோ. இருங்கோ பிள்ளை.”

“இருக்கிறன் சேர். என்ர பக்கங்களைத் தாங்கோ.”

அதிபர் என்னைப் பார்த்தார். “நீங்கள்தானே சொன்னது?”

“நானேதான். இந்த வேலைக்கு எங்கட வட்டத்தில வேற ஆரும் இருக்கினமோ?”

அவர் செல்வராணி பக்கம் திரும்பினார். குரல் பாடசாலைக் குரலாகியது. “பிள்ளை, கெட்ட எண்ணத்தில செய்ததில்லை. உங்கட நிலைமையை யோசிச்சுத்தான்.”

“என்ர நிலைமை என்ன சேர்?”

அதிபர் மடித்த பேப்பரை இன்னொரு தடவை மடித்தார். சொல்வதற்கு ஒரு சொல்லும் இல்லாத நிலைமை அது. மனைவி என்றும் சொல்ல முடியாது, மற்றதையும் சொல்ல முடியாது.

“உங்களுக்கும் தெரியாது,” என்றார் செல்வராணி. “எனக்கும் தெரியாது. நான் போகாத கந்தோர் இல்லை சேர். ஒருத்தன் பைலைத் திறந்து பாத்துப்போட்டு மூடுவான், உள்ளுக்கு என்ன இருக்கெண்டு சொல்லமாட்டான். இன்னொருத்தன் பிறகு வாங்கோ எண்டுவான். ஒரு பெரியவர் எனக்குத் தண்ணி எடுத்துத் தந்து, மனதைத் தேத்திக்கொள்ளுங்கோ பிள்ளை எண்டார். எதுக்குத் தேத்த எண்டு கேட்டன். அதைச் சொல்லமாட்டாராம். எல்லாரும் எனக்கு நல்லதுக்குத்தான் மறைக்கினம். இந்தப் புத்தகத்திலயாவது கடைசிப் பக்கம் ஒண்டு இருக்கெண்டு நினைச்சுத்தான் இவ்வளவு நாளும் வாசிச்சன். அதையும் வெட்டி எடுத்துப்போட்டியள்.”

குரல் உயரவில்லை. கூட்டுறவுக் கடையில் அரிசி முடிஞ்சுது என்று சொல்கிற குரல்தான்.

அதிபர் எழுந்து உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பக்கங்களைக் கொண்டுவந்து தந்தார். மினுக்கிய சட்டைகளுக்கிடையில் வைத்திருந்தார் போலும், ஒரு மடிப்பும் இல்லை. எறியவில்லை, எரிக்கவில்லை, பவுத்திரமாக வைத்திருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல் தந்தது. பக்கத்துக்குக் காட்டிய மரியாதையில் கொஞ்சம் ஆளுக்கும் காட்டியிருக்கலாம்.

செல்வராணி அந்தக் கதிரையிலேயே இருந்து வாசித்தார்.

நாங்கள் இரண்டு பேரும் சோதனைப் பெறுபேறு வரும்வரை காத்திருக்கிற பிள்ளைகள் போல இருந்தோம். அதிபர் என் காதுக்குள், “அழுறாவோ பாருங்கோ” என்றார். நான் பார்த்தேன். செல்வராணி விரலை நாக்கில் தொட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஓரிடத்தில் திரும்ப முந்திய பக்கத்துக்குப் போனார். அதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிச்சத்தை வாசித்து முடித்தார்.

“சட்டையைப் புதைக்கிற இடம் நல்லாயிருக்கு,” என்றார். “பூசைக்கு வந்த சனமெல்லாம் சாப்பிட்டுப்போட்டுப் போக, தனிய நிண்டு கிடாரம் கழுவுறாளே, அது உண்மை. அதில ஒரு குறையும் சொல்லமாட்டன். ஆனா அடுத்த பக்கத்திலயே தலையிழுத்து, பவுடர் போட்டு, ரவுணுக்கு வெளிக்கிடுறாள். ஒரு மாரிகாலமாவது போகவிட்டிருக்கலாம். எழுதினவருக்கு என்ன அவசரமோ தெரியாது. இந்த அத்தியாயம் இல்லாமலே புத்தகம் நல்லாத்தான் இருந்தது.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். “அதைத்தானே நானும் எழுதினனான்.”

“நீங்கள் வாசியாமல் எழுதினீங்கள் அண்ணை. நான் வாசிச்சுப்போட்டுச் சொல்றன்.”

திரும்பவும் பழையபடி சாய்ந்துகொண்டேன்.

இந்த இடத்தில் அதிபர் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். தான் வெட்டியது சரி என்று வெட்டுப்பட்டவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆனால் மனிதர் முதலில் ஒரு வாசகர், பிறகுதான் மற்றதெல்லாம். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

“அதெப்பிடிப் பிள்ளை அப்பிடிச் சொல்லுவீங்கள்? அந்த அத்தியாயம்தான் நாவலே,” என்றார். கதிரை நுனிக்கு வந்துவிட்டார். “பவுடர் போட்டது உங்களுக்கு அவசரமாத் தெரியுது. எனக்கு அதுதான் பெரிசு. அது இல்லாட்டி திரேசாவுக்கு என்ன இருக்கு? சாகுமட்டும் அந்தக் கரையில நிண்டு அலையை எண்ணவேண்டியதுதான். ஒரு மனிசியை அப்பிடி நிக்கவைச்சுப்போட்டுப் புத்தகத்தை மூடுறது அநியாயம். போகட்டும், நிக்கட்டும், அது அவளின்ர விருப்பம். ஆனா கதவு எண்டு ஒண்டு திறந்திருக்கவேணும். நான் வாசிக்கேக்கை, அப்பாடா, விட்டிட்டாரே எண்டு...”



செல்வராணி பக்கங்களை ஒழுங்காக அடுக்கினார். ஓரத்தைத் தட்டி நேராக்கித் தன் பைக்குள் வைத்து மூடினார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அப்ப என்னை ஏன் சேர் அந்தக் கரையிலயே நிக்கவைச்சனீங்கள்?”

வயலில் யாரோ தண்ணீர் மோட்டரை நிறுத்தினார்கள். அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.